எண்ணுக்கும் குத்தகை உண்டு

வயலைக் குத்தகைக்கு எடுப்பவர் உண்டு. தென்னந்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பவர் உண்டு. பட்டினத்துக் கடையறையை மாத வாடகைக்கு அமர்த்தி வியாபாரஞ் செய்பவரும் உண்டு. இவையெல்லாம் நம் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு நாம் அறிந்தவை. ஆனால், ஐந்தே எண்களைக் கொண்ட இலக்கம் ஒன்றை மாதம் 500 டொலர் கொடுத்துக் குத்தகைக்கு எடுக்கும் வழக்கம் ஒன்று உலகில் உண்டென்றால் நம்மிற் பலர் வியப்படைவர். அது மண்ணன்று, மனையன்று, கோலிட்டு அளந்து எல்லைக்கல் நாட்டக்கூடிய பொருளும் அன்று. எனினும் அதற்கும் குத்தகை உண்டு, தவணை உண்டு, தவணை முடியுமுன் புதுப்பிக்க வேண்டிய கடமையும் உண்டு.

இவ்விசித்திரக் குத்தகை பெருவழக்காக நிலவும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. குத்தகைக்கு விடப்படும் பொருளுக்குக் ‘குறு இலக்கம்’ என்று பெயர். அதன் வரலாற்றையும் நடைமுறையையும் இக்கட்டுரையில் ஒருவாறு காண்போம். உடைமை யாருடையது, அதன்மேல் மக்கள் வைக்கும் நம்பிக்கை யாருடைய பொறுப்பு என்னும் பெரிய வினாவொன்று இச்சிறிய எண்களுக்குள் அடங்கியிருத்தலை வாசகர்கள் காண்பர்.

பெயருக்குப் பதிலாக எண்

நம் நாட்டில் வங்கியோ கடையோ நமது கையடக்கத் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது, அச்செய்தியின் தலைப்பில் அந்நிறுவனத்தின் பெயரே தோன்றுவதைப் பெரும்பாலும் காண்கிறோம். அமெரிக்காவில் குறுஞ்செய்திக்கு இவ்வாறு பெயர் சூட்டும் முறை இல்லை. எண்ணே அங்கு பெயராக நிற்கிறது.

அந்நாட்டில் ஒருவரின் சாதாரணத் தொலைபேசி இலக்கம் 10 எண்களைக் கொண்டது. ஒருவர் மற்றொருவரோடு தொடர்பு கொள்ள அது போதும். ஆனால், ஒரே வேளையில் பல இலட்சம் பேருக்குச் செய்தி அனுப்ப வேண்டிய வங்கி, வைத்தியசாலை, விமானக் கம்பனி, தரும ஸ்தாபனம் முதலியனவற்றுக்கு விரைவும் வேண்டும். மக்கள் மனத்திற் பதியும் சுருக்கமும் வேண்டும். அவற்றின் பொருட்டு வகுக்கப்பட்டதே 5 அல்லது 6 எண்களைக் கொண்ட குறு இலக்கம். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும், வைத்தியரைக் காண வேண்டிய நாளை நினைவூட்டும் செய்தியும், விமானம் தாமதமாகும் என்னும் அறிவிப்பும் இவ்வழியே வருகின்றன. மக்களும் தங்கள் விடையை அதே இலக்கத்துக்கு அனுப்பலாம்.

பதிவகம் தோன்றிய வரலாறு

உலகின் முதலாவது குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. நத்தார் வாழ்த்துக் கூறும் இரண்டு சொற்களே அதில் இருந்தன. ஐரோப்பாவில் இப்பழக்கம் விரைவிற் பரவியபோதிலும், அமெரிக்காவில் ஆரம்பத்தில் மந்தமாகவே வளர்ந்தது. ஒரு கம்பனியின் வாடிக்கையாளர் மற்றொரு கம்பனியின் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் வசதி அங்கு 2002ஆம் ஆண்டளவிலேயே பரவலாயிற்று.

குறு இலக்கங்களிலும் இதே குழப்பம் நேர்ந்தது. ஒவ்வொரு தொலைபேசிக் கம்பனியும் தன் விருப்பப்படி இலக்கங்களை வழங்கினால், ஒரு கம்பனியின் வாடிக்கையாளருக்குப் பயன்படும் இலக்கம் மற்றொரு கம்பனியின் வாடிக்கையாளருக்குப் பயன்படாது. ஒரே தெருவுக்கு நான்கு பேர் நான்கு பெயர் வைத்தால் தபாற்காரர் என்ன செய்வார்? இக்குறையை நீக்கும்பொருட்டுக் கம்பியில்லாத் தொலைபேசிக் கம்பனிகளின் சங்கமாகிய சீ.ரி.ஐ.ஏ., 2003ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பொதுப் பதிவகம் ஒன்றை நிறுவியது. நியூஸ்டார் என்னும் நிறுவனம் 2015ஆம் ஆண்டின் இறுதிவரை அதன் பதிவேட்டைப் பேணியது. 2016ஆம் ஆண்டு ஜனவரி தொடக்கம் ஐகனெக்டிவ் என்னும் நிறுவனம் அப்பணியை ஏற்றுக்கொண்டது. ஆக, எழுதுநர் மாறினாலும் ஏடு மாறவில்லை.

குத்தகையின் நியதிகள்

பதிவகத்தில் இலக்கம் பெற இரு வழிகள் உண்டு. பதிவகமே தன் ஏட்டிலிருந்து ஏதேனும் ஓர் இலக்கத்தைப் பொறுக்கிக் கொடுப்பது ஒன்று. விண்ணப்பிப்பவர் தமக்கு விருப்பமான இலக்கத்தைத் தாமே தெரிந்தெடுப்பது மற்றொன்று. முன்னதற்கு மாதம் 500 டொலரும் பின்னதற்கு மாதம் 1,000 டொலரும் குத்தகைப் பணமாகப் பல ஆண்டுகள் நிலவி வந்தன. தவணை 3 மாதம், 6 மாதம், 12 மாதம் என மூவகைப்படும். பணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். இக்கணக்கின்படி, தாமே தெரிந்தெடுத்த இலக்கமொன்றை ஓராண்டுக்கு வைத்திருப்பவர் 12,000 டொலரை முதலிலேயே எண்ணி வைத்தல் வேண்டும்.

பணத்தைச் செலுத்தியவுடன் செய்தி பறக்கத் தொடங்கும் என எண்ணுதல் தவறு. காணிக்கு உறுதி எழுதியபின்னும் பாதை வெட்டினால்தான் வண்டி போகும். குத்தகை பெற்ற இலக்கத்தை ஒவ்வொரு தொலைபேசிக் கம்பனியும் தன் வலையமைப்பில் தனித்தனியே திறந்துவிட வேண்டும். அதற்கென இடைத்தரகு நிறுவனங்கள் உள்ளன. எத்தகைய செய்தி அனுப்பப்படும், அதனைப் பெறுவோர் எவ்வாறு சம்மதம் தெரிவித்தனர், உதவி வேண்டுவோருக்கு யாது விடை கிடைக்கும், வேண்டாமென்பவரை எவ்வாறு நீக்குவர் என்பன போன்ற வினாக்களுக்கெல்லாம் எழுத்தில் விடை கொடுத்த பின்னரே கதவு திறக்கும். இதற்குப் பல வாரங்கள் செல்வதுண்டு. தரகு நிறுவனத்துக்கும் அனுப்பும் செய்திகளுக்கும் கொடுக்க வேண்டிய பணம் வேறு.

இவ்வளவு செலவும் முயற்சியும் செய்தபின்னும், குத்தகைக்காரர் அவ்விலக்கத்தின் உடைமையாளர் ஆவதில்லை. நம் நாட்டிற் காணியொன்றைப் பத்தாண்டுகளுக்கு எதிருரிமையோடு ஆண்டவர் ஆட்சியுரிமை கோரி வழக்காடலாம். குறு இலக்கத்தில் அத்தகைய பேச்சுக்கே இடமில்லை. பத்தாண்டு ஆண்டாலும் இருபதாண்டு ஆண்டாலும், அடுத்த தவணைக்குப் பணம் செலுத்தும்வரையே அது அவருடையது.

எழுத்தாகும் எண்கள்

இருமடங்கு பணம் கொடுத்து விருப்பமான இலக்கத்தை ஏன் தெரிந்தெடுக்கிறார்கள்? தொலைபேசியின் எண் பொத்தான்களைக் கூர்ந்து நோக்கினால் இதன் காரணம் விளங்கும். 2 என்னும் பொத்தானிலிருந்து 9 என்னும் பொத்தான்வரை ஆங்கில நெடுங்கணக்கு முழுவதும் பங்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே, பொருத்தமான எண்களைச் சேர்த்தால் ஒரு பெயரையே எழுதிவிடலாம்.

கூகுள் நிறுவனம் பயன்படுத்திய 466453 என்பது அதன் பெயரின் ஆறு ஆங்கில எழுத்துக்களே. அமேசன் நிறுவனத்தின் 262966 என்பதும் அவ்வாறே. 2008ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்ட பராக் ஒபாமாவின் பிரசார அலுவலகம் 62262 என்னும் இலக்கத்தைக் கைக்கொண்டது. 6, 2, 2, 6, 2 என்னும் பொத்தான்களில் அவருடைய பெயரின் ஐந்து எழுத்துக்களும் முறையே அமைந்திருத்தலை மாணவர்கள் தாமே தொலைபேசியைக் கையிலெடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். அவ்வாண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி அதிகாலையில், ஜோ பைடனைத் துணை ஜனாதிபதி வேட்பாளராகத் தெரிந்தெடுத்த செய்தி அப்பிரசாரத்தின் குறுஞ்செய்தியாக ஏறத்தாழ 29 இலட்சம் பேரைச் சென்றடைந்தது என நீல்சன் நிறுவனம் மதிப்பிட்டது.

எல்லா இலக்கங்களும் பெயரைத் தாங்கி நிற்பனவல்ல. சில இலக்கங்கள் விரல் செல்லும் வழியாலேயே நினைவில் நிற்கும். மனத்துயரால் வாடுவோருக்கு ஆறுதலளிக்க 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சேவையொன்றின் இலக்கம் 741741 என்பதாகும். பொத்தான்களின் இடது ஓரத்தை அடியிலிருந்து மேல்நோக்கி இருமுறை தொட்டால் அவ்விலக்கம் வந்துவிடும். நள்ளிரவில், துயரத்தின் நடுவில், நடுங்கும் விரலாலும் தவறாது அழுத்தக்கூடிய இலக்கம் அது.

எண்ணின்மேல் எழும் நம்பிக்கை

குறு இலக்கத்தின் வலிமையை உலகம் முழுமையாக உணர்ந்தது 2010ஆம் ஆண்டில் ஆகும். அவ்வாண்டு ஜனவரி 12ஆந் திகதி ஹெயிட்டி நாட்டைப் பெரும் பூகம்பமொன்று தாக்கியது. ‘ஹெயிட்டி’ என்னும் ஒரு சொல்லை 90999 என்னும் இலக்கத்துக்கு அனுப்பினால், அனுப்பியவரின் தொலைபேசிக் கட்டணத்தோடு 10 டொலர் சேர்க்கப்பட்டு, அப்பணம் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேரும் என அறிவிக்கப்பட்டது. காசோலை எழுத வேண்டியதில்லை. வங்கிக்குச் செல்ல வேண்டியதில்லை. பத்துப் பத்து டொலராகச் சேர்ந்த தொகை 3 கோடி டொலரைத் தாண்டியது. அஃதாவது, 30 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் மக்கள் அந்த ஐந்து எண்களை அழுத்தியிருக்கின்றனர்.

அவர்களுள் ஒருவரேனும் அவ்விலக்கத்தின் குத்தகைப் பத்திரத்தைக் கண்டாரா? தவணை என்று முடிகிறது என விசாரித்தாரா? இல்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்ட இலக்கத்தை நம்பினர். பதிவகம் குத்தகைக்கு விட்டது வெறும் எண்ணையே. அதன்மேல் மக்கள் வைத்த நம்பிக்கைக்குப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. ஆயினும், குத்தகை முடியும்போது அந்த நம்பிக்கையும் எண்ணோடு சேர்ந்தே கைமாறுகிறது. குத்தகைக்காரர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய விடயம் இதுவே.

தவணை தவறினால்

குத்தகை முடியுமுன் பதிவகம் நினைவூட்டுக் கடிதங்களை மின்னஞ்சலில் அனுப்புகிறது. தவணைதோறும் பணம் தானாகவே செல்லுமாறு ஏற்பாடு செய்யவும் வழியுண்டு. இருந்தும் தவறு நேர்வது எவ்வாறு? காரணங்கள் மிகச் சாதாரணமானவை. குத்தகையை முதலிற் பதிவு செய்த உத்தியோகத்தர் வேலையை விட்டு நீங்கியிருப்பார். நினைவூட்டுக் கடிதங்கள் யாரும் திறந்து பாராத அவருடைய அஞ்சற் பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும். பணம் செலுத்தும் கடனட்டை காலாவதியாகியிருக்கும். இலக்கத்தைப் பயன்படுத்துவது விளம்பரப் பகுதியும், பணம் கொடுப்பது கணக்குப் பகுதியுமாக இருக்க, ஒருவர் செய்வார் என மற்றவர் எண்ணியிருப்பார். இத்தகைய சிறு கவனக்குறைவுகளே பெருந்தீங்குக்கு வித்தாகின்றன.

தவணை தவறிய இலக்கத்தில் முதலில் நேர்வது மௌனம். மக்கள் அனுப்பும் செய்திகளுக்கு விடை வராது. வைத்தியசாலையின் சுவரில் ஒட்டிய அறிவித்தலும், வாடிக்கையாளரின் சட்டைப்பையிலிருக்கும் அட்டையும், அச்சிட்டு விநியோகித்த துண்டுப் பிரசுரமும் பழைய இலக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். அச்சிட்ட எழுத்துக்குக் குத்தகை முடிந்தது தெரியாது.

மௌனத்தினும் கொடியது அடுத்து வருவது. கைவிடப்பட்ட இலக்கம் சிறிது காலம் ஒதுக்கி வைக்கப்பட்டபின், வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்படலாம். தொலைபேசியோ, ஒரே இலக்கத்திலிருந்து வரும் செய்திகளையெல்லாம் ஒரே கோவையில் அடுக்கி வைக்கும் இயல்புடையது. ஆகவே, பழைய வங்கி அனுப்பிய பத்துச் செய்திகளின் கீழே புதிய குத்தகைக்காரரின் செய்தி பதினோராவதாக வந்து அமரும். முதியவர் ஒருவர் அதனை வேறுபடுத்தி அறிவாரோ? புதியவர் நேர்மையாளராயினும் அவருக்கும் சங்கடமே. தம்மைக் கருதி எழுதப்படாத வினாக்களும், நோயாளியின் அந்தரங்கமும், கணக்கு விபரமும் அவர் கைக்கு வந்து சேரக்கூடும்.

குத்தகைப் பத்திரம் யார் பெயரில்?

இதனோடு தொடர்புடைய மற்றொரு சிக்கலும் உண்டு. பல நிறுவனங்கள் பதிவகத்தோடு நேரே தொடர்பு கொள்வதில்லை. விளம்பர முகவர் ஒருவரிடம் காரியத்தை ஒப்படைத்துவிடுகின்றன. முகவர் தம் பெயரிலேயே இலக்கத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுப்பார். உறவு நன்றாக இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். பிணக்கு ஏற்பட்டு வேறு முகவரை நாடும்போதுதான், தாம் பல ஆண்டுகளாக நாடெங்கும் விளம்பரஞ் செய்த இலக்கம் ஏட்டில் மற்றொருவர் பெயரில் இருப்பதை அந்நிறுவனம் அறியும். தன் பெயரிற் குத்தகை இருந்தால், முகவரை மாற்றினும் இலக்கத்தை உடன் கொண்டு செல்லலாம். இல்லையேல், பழைய முகவரின் தயவை நாட வேண்டியதே. பிறர் பெயரிலுள்ள நிலத்திற் கல்வீடு கட்டியவர் படும் பாட்டை நம் ஊரிற் காணாதவர் உளரோ?

குத்தகை அதிகமா?

எண்ணொன்றுக்கு மாதம் 500 டொலர் என்பது அநியாயம் எனச் சிலர் கூறுவர். சிறிய தரும ஸ்தாபனத்துக்கும் கிராமத்து நூலகத்துக்கும் அது தாங்கொணாத தொகையே. ஆனால், மறுபக்கமும் ஒன்றுண்டு. குத்தகை மலிவாக இருந்தால், ஒரு நாள் வந்து ஆயிரம் பேரை ஏமாற்றி மறுநாள் மறைவோருக்கும் அது எளிதாகிவிடும்.

செலவைக் குறைக்கும் நோக்குடன் முன்னர்ப் பல நிறுவனங்கள் ஒரே இலக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டன. அனுப்பும் முதற்சொல்லால் ஒன்றையொன்று வேறுபடுத்தின. கூட்டுக் கிணறு போன்ற இவ்வேற்பாட்டில், ஒருவர் தண்ணீரை மாசுபடுத்தினால் அனைவரும் தாகத்தோடு நிற்க நேர்ந்தது. ஒரு நிறுவனம் விதியை மீறினால் இலக்கம் முழுவதையுமே கம்பனிகள் தடுத்தன. ஈற்றில் 2021ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கம்பனிகள் அம்முறையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன. சிறிய நிறுவனங்களுக்கு இப்பொழுது வேறு வழி உண்டு. சாதாரணப் பத்தெண் இலக்கத்தை முறைப்படி பதிவு செய்து, குறைந்த செலவில் வியாபாரச் செய்தி அனுப்பலாம். விரைவு சற்றுக் குறையும். நினைவில் நிற்கும் சுருக்கமும் இராது. எனினும், சின்னக் கடைக்குச் சின்ன அறை போதும்.

வழி எதுவாயினும், மக்களின் சம்மதமின்றிச் செய்தி அனுப்புதல் குற்றமாகும். அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு நிறைவேறிய தொலைபேசிப் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம், மீறிய ஒவ்வொரு அழைப்புக்கும் 500 டொலர் நட்டஈடு விதிக்கிறது. வேண்டுமென்றே மீறியிருப்பின் நீதிமன்றம் அதனை 1,500 டொலர்வரை உயர்த்தலாம். குறுஞ்செய்தியும் இச்சட்டத்துள் அடங்கும். ‘நிறுத்து’ எனப் பொருள்படும் ‘ஸ்ரொப்’ என்னும் ஆங்கிலச் சொல்லை விடையாக அனுப்பினால், அவரை உடனே நீக்க வேண்டும் என்பது குறு இலக்கத்தின் கண்டிப்பான ஒழுங்கு.

நம் வீட்டுக்கு ஒரு பாடம்

இவ்வளவும் எங்கோ தூரதேசத்துப் பெரிய கம்பனிகளின் விவகாரம் என இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் ஒவ்வொருவர் கையிலுமுள்ள தொலைபேசி இலக்கமும் ஒருவகையில் இரவற் பொருளே. நாம் கைவிட்ட இலக்கம் வேறொருவருக்கு வழங்கப்படுதல் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். அமெரிக்காவில், கைவிடப்பட்ட இலக்கத்தை 45 நாட்களாவது ஒதுக்கி வைத்த பின்னரே பிறருக்கு வழங்கலாம் என விதி செய்திருக்கின்றனர். அவ்வாறு கைமாறக்கூடிய இலக்கங்களை வியாபாரிகள் சரிபார்த்துக்கொள்வதற்கென 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தனிப் பதிவேடு ஒன்றும் திறக்கப்பட்டது.

மகன் வெளிநாடு சென்றான். அவனுடைய பழைய இலக்கம் மேசை லாச்சியிற் கிடந்து காலாவதியாயிற்று. ஆனால் தாயாரின் வங்கிக் கணக்கு அவ்விலக்கத்தோடே இணைக்கப்பட்டிருந்தது. வங்கியின் இரகசிய எண் இனி யாருடைய கைக்குப் போகும்? இத்தகைய நிலை எந்தக் குடும்பத்துக்கும் நேரலாம். ஆதலால், தொலைபேசி இலக்கத்தை மாற்றுமுன் வங்கி, வைத்தியசாலை, பிள்ளைகளின் பாடசாலை, மின்னஞ்சற் கணக்கு ஆகிய நான்கிலும் புதிய இலக்கத்தைப் பதிவு செய்தல் வேண்டும். மாற்றம் எல்லாவிடத்தும் ஏற்கப்பட்டது உறுதியானபின்னரே பழையதைக் கைவிடுதல் வேண்டும். எந்தெந்த இடத்தில் எந்த இலக்கம் கொடுக்கப்பட்டது, எது எப்பொழுது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை வீட்டுக் கணக்குக் கொப்பியில் ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது நன்று. அதனை வீட்டில் ஒருவர் மாத்திரமன்றி இருவராவது அறிந்திருத்தல் அதனினும் நன்று.

மாணவர்களுட் சிலர் நாளை நிறுவனங்களை நடத்துவோராகவும், அவற்றின் ஏடுகளைப் பேணும் இலிகிதர்களாகவும் வருவர். பெரிய திட்டங்களைத் தீட்டுவோருக்கு மாலை சூட்டுகின்ற உலகம், தவணைத் திகதியை நினைவில் வைத்திருந்து உரிய நாளில் பணம் செலுத்தியவரைக் கண்டுகொள்வதில்லை. ஆயினும், நள்ளிரவில் ஆறுதல் தேடி ஒருவர் அழுத்தும் இலக்கத்துக்கு மறுமுனையில் விடை கிடைக்கின்றதெனில், அதற்கு அந்த இலிகிதரின் கவனமும் ஒரு காரணம்.